வசவு வருகிற நாவலை வகுப்பில் நடத்தலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் சாயல்குடிக்கும் நடுவே, கடலை ஒட்டிய பள்ளிகளில்தான் என் தமிழாசிரியர் வேலை முழுக்கக் கழிந்திருக்கிறது. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், டீக்கடையில், ராமேசுவரம் ரயிலில் என்று எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் இந்தச் சந்தேகத்தைக் கேட்டுவிடுகிறார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பெயரும் ஊரும் போடவில்லை. வசைச்சொற்களையும் விளக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் எழுதவில்லை.

“ஸ்கூல்ல நாவலே கிடையாதே சார், அப்புறம் எதுக்கு இந்தப் பஞ்சாயத்து?”

முழு நாவல் பாடமாக இல்லை என்பது சரிதான். ஆனால் துண்டாக வருகிறது. 2019-இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யிலிருந்தும் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்தும் ஒவ்வொரு பகுதியை விரிவானமாக வைத்தார்கள். துண்டைச் சுவைத்த பிள்ளை முழுசைத் தேடும். தேட வேண்டும் என்றுதானே துண்டையே வைக்கிறோம்.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். அவர் பிறந்தபோது அதுவும் ராமநாதபுரம் மாவட்டம்தான். தொங்கான் என்னும் சரக்குப் படகு புயலில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பகுதி எங்கள் பிள்ளைகளுக்கு விருந்து. நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, கடலுக்குப் போகிற வீட்டுப் பையன் ஒருவன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, “அலைக்கு மூஞ்சியக் குடுக்கணும் சார், பக்கத்தக் குடுத்தா கவுந்துரும்” என்று உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினான். அடுத்த வாரமே நூலகத்தில் முழு நாவலையும் எடுத்துவிட்டான். முழு நாவலில் புயல் மட்டுமா இருக்கிறது? மெடான், பினாங்கு, மதுரைத் தெருக்கள், குடிப்பேச்சு, வேசையர் வீடு எல்லாம் இருக்கிறது. பத்தாம் நாள் அவன் அப்பா ஒரு பக்கத்தின் மூலையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். பஞ்சாயத்து அங்கேதான் ஆரம்பித்தது.

“கெட்ட வார்த்தைன்னா எதைச் சொல்றீங்க? எல்லாம் ஒண்ணுதானே?”

எனக்கு இரண்டு கணக்கு உண்டு. உடம்பைச் சொல்லித் திட்டுவது ஒன்று, பிறப்பைச் சொல்லித் திட்டுவது இன்னொன்று. காலை ஆறு மணிக்கு மீன் ஏலம் போகிற இடத்தில் நின்றால் முதல் வகை ஒரு நூறு காதில் விழும். எட்டு வயதுப் பையனுக்கும் அத்தனையும் மனப்பாடம். ஏலம் முடிந்ததும் திட்டியவனும் திட்டு வாங்கியவனும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) கடலோடிகளின் பேச்சிலேயே நடக்கிற நாவல். அந்தப் பேச்சைக் கழுவித் துடைத்தால் மிச்சம் இருப்பது உப்பில்லாத கடல்.

இரண்டாவது வகை வேறு. சாதி, மதம், தொழில், ஊனம், ஆணா பெண்ணா என்பது என்று ஒருவன் மாற்றிக்கொள்ளவே முடியாததைச் சொல்லித் திட்டுவது. சொல் பார்க்கச் சாதுவாகவும் இருக்கும். ‘கவுச்சி’ என்பது வெறும் மீன் வாடைதான். கடலோரப் பிள்ளை பேருந்தில் ஏறும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னால் அது வசவு. மண்டபம் பக்கத்தில் ‘அகதி’யும் அப்படித்தான். 2021-இல் அரசு அகதிகள் முகாமை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. வகுப்பறைச் சண்டையில் பழைய பெயர்தான் இன்னும் ஓடுகிறது. இனி இந்தப் பக்கத்தில் வசவு என்று நான் எழுதும் இடமெல்லாம் இந்த இரண்டாவது வகைதான்.

“நடத்தலாமா, கூடாதா? ஒரே வரில சொல்லுங்கய்யா.”

அந்தச் சொல் யார் வாயிலிருந்து வருகிறது, யார் மேல் விழுகிறது, அவன் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்பது மூன்றும் தெரிந்த ஆசிரியர் நடத்தலாம். தெரியாதவர் தெரிந்துகொள்ளும்வரை தொட வேண்டாம்.

“வசவே இல்லாத நல்ல நாவல் எத்தனையோ இருக்கே. அதை நடத்திட்டுப் போக வேண்டியதுதானே?”

நடத்துங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அது மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி. பூமணியின் ‘பிறகு’ (1979) செருப்புத் தைக்கும் அழகிரியின் குடும்பத்தைச் சொல்கிற நாவல். அழகிரியை ஊர் கூப்பிடுகிற விதத்தை மரியாதையாக மாற்றிவிட்டால், அவர் அந்த ஊரில் பட்ட பாட்டில் பாதி மறைந்துபோகும். பிறகு பிள்ளை கேட்பான்: “எல்லாரும் நல்லாத்தானே பேசுறாங்க சார், அவருக்கு என்ன கஷ்டம்?”

நம் பாடப்புத்தகங்களின் முன்பக்கத்தில் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்’ என்று அச்சடித்திருக்கும். அந்தத் தீண்டாமை எப்படி நடக்கும், எந்தக் குரலில் பேசும் என்று உள்ளே ஒரு பக்கமும் காட்டவில்லை என்றால், பிள்ளைக்கு அது மூன்று வரி ரப்பர் ஸ்டாம்பு.

“நாவல்னாதான் தொல்லை. திருக்குறள், பாரதின்னு நடத்தினா பிரச்சினையே வராதுல்ல?”

இதைக் கேட்பவர்கள் இரண்டையும் முழுக்கப் படித்ததில்லை. 614ஆம் குறள், முயற்சி இல்லாதவன் செய்யும் உதவியைப் ‘பேடிகை வாளாண்மை’ (பெண்ணியல்பு மிக்கவர் கையில் வாள்) போலக் கெடும் என்கிறது. 727ஆம் குறளிலும் அதே பேடியின் கையில் வாள் வருகிறது. இதை நான் உரக்கச் சொன்ன அந்த நொடியில் மொத்த வகுப்பும் நடை கொஞ்சம் மென்மையான ஒரு பையன் பக்கம் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். யாரும் ஒரு சொல் பேசவில்லை. கழுத்துகள் மட்டும் திரும்பின. திருநங்கையருக்கென்று 2008-இல் தமிழ்நாட்டில் நல வாரியமே வந்துவிட்டது. வகுப்பறைக் கழுத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

பாரதிக்கு வருகிறேன். ‘வந்தே மாதரம்’ பாட்டில் ‘ஈனப் பறையர்க ளேனும் அவர் எம்முடன் வாழ்ந்திங் கிருப்பவர் அன்றோ’ என்று ஒரு வரி. இதை எழுதியவர்தான் ‘பறையருக்கும் இங்கு தீயர் புலையருக்கும் விடுதலை’ என்றும் பாடினார், புதுச்சேரியில் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூலும் போட்டுவிட்டார். அதனால் வரியை ஒளிக்கவும் முடியாது, பாரதியைத் தூக்கிப் போடவும் முடியாது. நான் செய்வது இலக்கணப் பாடம். ‘ஏனும்’ என்றால் என்ன? ‘ஆனாலும்கூட’. யாரைப் பார்த்து ‘ஆனாலும்கூட’ என்போம்? குறை இருக்கிறது என்று முடிவு செய்துவிட்ட ஆளைப் பார்த்து. அடுத்தது ‘எம்’. ‘நம்’ என்றால் கேட்கிறவனும் அதற்குள் அடக்கம்; ‘எம்’ என்றால் அவன் வெளியே நிற்கிறான். ‘நம்ம ஊரு’ என்பதற்கும் ‘எங்க ஊரு’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் பத்து வயதில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “அப்போ இந்தப் பாட்டு எங்களுக்குப் பாடுனது இல்ல சார், எங்களப் பத்தி வேற யாருக்கோ பாடுனது” என்றாள். நான் இருபது வருஷம் நடத்தியும் எனக்குத் தோன்றாத ஒன்று அது.

“அந்த ஒரு வார்த்தையை மட்டும் புள்ளி வச்சு மறைச்சிடலாமே?”

அமெரிக்காவில் செய்து பார்த்திருக்கிறார்கள். மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ 1884-இல் இங்கிலாந்திலும் 1885-இல் அமெரிக்காவிலும் வந்தது. கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் அதில் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. 2011-இல் அலபாமாவில் ஒரு பதிப்பகம் அந்த இடங்களில் எல்லாம் ‘அடிமை’ என்று மாற்றிப் போட்டது. இரண்டும் ஒன்றா? அடிமை என்பது அவன் நிலைமை. அந்தச் சொல்லோ அவனைப் பார்ப்பவனின் கண். விடுதலை ஆன பிறகும் அந்தச் சொல் அவன் பின்னால் போனது. இதில் வேடிக்கை, 1885-இல் மாசசூசெட்ஸின் கான்கார்ட் நூலகம் இதே நாவலை வெளியே எடுத்துவைத்தது. அன்றைக்கு அவர்கள் சொன்ன குறை முரட்டுப் பேச்சு, கொச்சை என்பதுதான். மேலே சொன்ன முதல் வகை அவர்கள் காதில் விழுந்தது, இரண்டாவது விழவில்லை.

நம் வகுப்பில் புள்ளி வைத்தால் நடப்பது இன்னும் எளிது. ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கியது நாம்தானே? நாற்பது பேரும் சேர்ந்து நிரப்புவார்கள், சத்தமாக.

“அப்போ வகுப்புல அந்தச் சொல்லை வாய்விட்டு வாசிக்கணுமா?”

வேண்டாம். அச்சில் இருக்கட்டும், கண் படிக்கட்டும், வாய்க்கு வர வேண்டியதில்லை. இது எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. நானே ஒருவனைக் காயப்படுத்திக் கற்றுக்கொண்டது.

அப்போது வேறொரு பள்ளியில் இருந்தேன். வருகைப்பதிவு வரிசையில் ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்வது என் வழக்கம். ஒரு சிறுகதை ஓடிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் வேலையாளைச் சாதி சொல்லிக் கூப்பிடுகிற பத்தி, அந்தச் சாதிப் பையனுக்கே முறையாக வந்து விழுந்தது. முந்தின பத்தி பாதியில் இருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று விட்டுவிட்டேன். அவன் திணறவில்லை, ஏலம் கூறுகிற வேகத்தில் ஒரே மூச்சில் வாசித்து முடித்து உட்கார்ந்தான். புத்தகத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தான். “நல்லா வாசிச்ச” என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அன்றிலிருந்து பேருந்தில் அவனை அந்தப் பண்ணைக்காரர் குரலிலேயே கூப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு முறைவாசிப்பு இல்லை. அப்படிப்பட்ட பக்கங்களை மௌனமாக வாசிக்கச் சொல்கிறேன். நான் வாசிக்க நேர்ந்தால் அந்த இடத்தில் “அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டார்” என்று சொல்லிவிட்டுப் போகிறேன். நாடகமாக நடிக்கவிடுவது கிடையவே கிடையாது.

“என் மவன் படிக்கிற கதைல ‘துலுக்கன்’னு வருதாமே. அதைப் பிள்ளைக கையில குடுக்குறது நியாயமாங்கய்யா?”

கீழக்கரைப் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்டது. கோபமாக அல்ல, தாழ்ந்த குரலில் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. துருக்கர் என்பது திரிந்து வந்த சொல் அது. ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியார் இருக்கிறார், தோட்டத்தில் துலுக்கச் சாமந்தி இருக்கிறது. அங்கெல்லாம் யாருக்கும் வலிப்பதில்லை. சீதக்காதியும் உமறுப்புலவரும் உலாவிய கரை இது. இங்கே அண்டை வீட்டாரை அழைக்க மாமா, காக்கா (அண்ணன்) என்று எத்தனையோ சொல் இருக்கும்போது, ஒருவன் அதை விட்டுவிட்டு அந்தச் சொல்லை எடுக்கிறான் என்றால், அவன் எதையோ சொல்லவருகிறான். பழைய கதையில் வந்தால் நான் இரண்டு கேள்வி கேட்கச் சொல்வேன். சொல்கிறவர் கதைமாந்தரா, கதை சொல்லியா? கதைமாந்தர் என்றால் அவர் எப்படிப்பட்டவர் என்று கதை காட்டிவிடும். கதை சொல்லியே சொல்கிறார் என்றால், எழுதிய காலத்தில் அது வசவாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். இருந்தது என்றால் அந்த எழுத்தாளரையும் சேர்த்துத்தான் விசாரிக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்குத் தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை (1988) கொடுத்தனுப்பினேன். முஸ்லிம் கடற்கரை ஊரை உள்ளிருந்தே எழுதியது. இருபது நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தவர் சொன்னார்: “வெளியாள் திட்டுனதவிட இதுதான் ஐயா எரிச்சலா இருந்துச்சு. எங்க வீட்டுச் சங்கதிய இப்படியா தெருவுல வைப்பாக?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் முழுக்கப் படித்திருந்தார்.

“எழுதினவர் அந்தச் சாதிக்காரர்னா எழுதலாம், இல்லாட்டி கூடாது. அப்படி வச்சுக்கிட்டா சரியா வருமா?”

கொஞ்ச தூரம் சரியாக வரும். பாமாவின் ‘கருக்கு’ (1992) போல உள்ளிருந்து வரும் எழுத்தில் அந்தச் சொல் தழும்பைக் காட்டுவது போல வரும். வெளியிலிருந்து எழுதுகிறவர் கையில் அதுவே கத்தியாகவும் இருக்கலாம், கத்தியைக் காட்டிக்கொடுப்பதாகவும் இருக்கலாம். எது என்று படித்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த விதியும் ஒரு கட்டத்தில் அறுந்துபோகும். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் வாழ்க்கையை எழுதியது. எழுதியவர் தலித், எதிர்த்தவர்களிலும் தலித் விமர்சகர்கள் இருந்தார்கள். ஒடுக்கப்பட்டவருக்குள்ளும் கீழே தள்ளப்பட்டவர் உண்டு என்பதைச் சொல்லலாமா என்ற சண்டை அது. மேலே அந்தக் கீழக்கரை அம்மா கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

“பல்கலைக்கழகமே எடுத்துட்டாங்களே சார். அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?”

2014-இல் சென்னைப் பல்கலைக்கழகம் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’, ‘பொன்னகரம்’ கதைகளைப் பாடத்திலிருந்து எடுத்தது. தலித் மக்களை இழிவாகக் காட்டுகின்றன என்பது புகார். 2021-இல் தில்லிப் பல்கலைக்கழகம் மகாசுவேதா தேவி, பாமா, சுகிர்தராணி மூவரின் எழுத்துகளை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. இந்த இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள். முதலாவதில் காயப்பட்டோம் என்று சொன்னவர்கள் தரப்புக்கு ஒரு நியாயம் இருந்தது, அதை உட்கார்ந்து பேசியிருக்கலாம். இரண்டாவதில் காயத்தைச் சொன்னவர்களையே வெளியே அனுப்பினார்கள்.

‘துன்பக்கேணி’ போனதில் எனக்குத் தனி வருத்தம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளின் கதை அது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் போன ஆயிரக்கணக்கான பேரை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தனுஷ்கோடியில் கப்பலேற்றினார்கள். இன்றைக்கு இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருப்பதும் அதே முகாம். போனவர்களும் வந்தவர்களும் தங்கின அந்த இடத்துக்கு எதிரே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, தோட்டத்துக் கதை ஒன்றுகூடப் படிக்காமல் பன்னிரண்டாவது முடிக்கிறான்.

“கோர்ட்டே சொல்லியாச்சே, பிடிக்கலைன்னா தூக்கிப் போட்டுட்டுப் போன்னு. அப்புறம் என்ன?”

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வழக்கில் 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பொருளில் சொன்னது. எதிர்ப்பால் எழுதுவதையே விட்டுவிட்டதாக அறிவித்திருந்த எழுத்தாளர் மறுபடி எழுத வேண்டும் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. கடையில் வாங்குகிற புத்தகத்துக்கு அது பொருந்தும்.

வகுப்பில் பிள்ளை எதைத் தூக்கிப் போடுவான்? அதில்தான் அவனுக்கு மதிப்பெண் இருக்கிறது. கதவைச் சாத்தி உட்கார வைத்து ஒரு புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறோம் என்றால், எழுதியவருக்கு இருக்கிற உரிமையைக் காட்டி ஆசிரியர் தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. இரண்டும் வேறு வேறு.

“முன்னாடியே பெத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டா தொல்லை விட்டுச்சுல்ல?”

மிசிசிப்பி மாநிலத்தில் பிலாக்சி என்னும் ஊரில் 2017-இல் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை எட்டாம் வகுப்பிலிருந்து எடுத்தார்கள். அதன் மொழி சங்கடப்படுத்துகிறது என்றார்கள். எதிர்ப்பு வந்த பிறகு, பெற்றோர் சம்மதம் இருந்தால் படிக்கலாம் என்று திரும்ப வைத்தார்கள். இங்கே அது செல்லாது. அப்பா கடலில், அம்மா கருவாடு காயப்போடும் இடத்தில். கையெழுத்தைப் பிள்ளையே போட்டுக்கொண்டு வந்துவிடும். நான் தாளை அனுப்புவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கும். அப்போது அப்பாக்கள் ஊரில் இருப்பார்கள். போய் உட்கார்ந்து, இந்த வருஷம் இப்படி ஒரு கதை வரும், அதில் இப்படி ஒரு பேச்சு வரும் என்று சொல்லிவிட்டு வருகிறேன். மடித்த பக்கத்தோடு வந்த அந்த அப்பாவிடமும் முன்னாலேயே போயிருந்தால் அவர் அலைந்திருக்க வேண்டியதில்லை.

“சாதிப் பேரு வர்ற பாடத்தை நடத்தினா பி.சி.ஆர் கேஸ் வருமா சார்?”

இளம் ஆசிரியர்கள் ரகசியமாகக் கேட்பது. முதலில் ஒரு திருத்தம்: பி.சி.ஆர் என்பது 1955ஆம் வருஷத்துக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் சுருக்கம். நீங்கள் பயப்படுவது 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு. அது, பொதுப் பார்வையில் ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதையும் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றம் என்கிறது. பாடத்தில் இருக்கும் வரியை விளக்குவது திட்டுவது ஆகாது. ஆனால் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளையைக் கைகாட்டி “இவங்க மாதிரி ஆளுங்க” என்றால் அது விளக்கம் இல்லை. உதாரணத்துக்கு வகுப்பிலிருந்து ஆளைத் தேடாதீர்கள். அவ்வளவுதான்.

“எந்த மாசத்துல நடத்தறதுன்னு கூடவா பார்க்கணும்?”

வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார். செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. அந்த இரண்டு மாதமும் சோதனைச் சாவடி, மாற்றுப் பாதை, போலீஸ் வண்டி என்று மாவட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும். பிள்ளைகளும் வீட்டில் கேட்டதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த நேரத்தில் இப்படி ஒரு பாடத்தைத் திறக்க மாட்டேன். ஜூலையில் முடித்துவிடுவேன். இது கோழைத்தனம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். கச்சான் காற்று அடிக்கிறபோது படகை இறக்காதவனைக் கோழை என்பவர்கள் கடலுக்குப் போகாதவர்கள்.

“எந்த வகுப்புலேர்ந்து குடுக்கலாம்?”

ஒன்பதுக்குக் கீழே வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல் மட்டும் ஒட்டும், கதை ஒட்டாது.

“பரீட்சைல எப்படிக் கேள்வி கேக்கறது?”

‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ வேண்டாம். வசவு வரும் வரியைக் கொடுத்து இதைக் கேட்டால், யாருக்கு வலிக்குமோ அவனே தன் கையெழுத்தில் அதை விடைத்தாளில் எழுத வேண்டியிருக்கும். ஒரு பள்ளியின் அரையாண்டுத் தேர்வில் அப்படி ஒரு கேள்வி வந்தது. ஒரு விடைத்தாளில் அந்த இடத்தில் மட்டும் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது.

நான் கேட்பது இப்படி: ‘பண்ணையார் கணக்குப்பிள்ளையிடம் பேசுவதற்கும் வேலையாளிடம் பேசுவதற்கும் வினைச்சொற்களில் என்ன வேறுபாடு?’ பிள்ளைகள் தேடிப் பிடிப்பார்கள்: ஒருவருக்கு ‘வாரும்’, இன்னொருவருக்கு ‘வாடா’. கூப்பிடுகிற பண்ணையார் வீட்டுப் பையனுக்கு வயது பத்து, கூப்பிடப்படுகிறவருக்கு அறுபது. அந்தப் பக்கத்தில் அகராதியில் வசவு என்று போட்ட சொல் ஒன்றுகூட இருக்காது. புள்ளி வைத்து மறைக்கச் சொன்னவர்கள் இந்த ‘டா’வை எப்படி மறைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கைடில் இந்தக் கேள்விக்கு விடை இல்லாததால் ஆரம்பத்தில் எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டார்கள், இப்போது இல்லை.

“நடத்திக்கிட்டு இருக்கும்போதே ஒரு பிள்ளை எழுந்து வெளிய போயிட்டா?”

போகட்டும். பின்னாலேயே ஆள் அனுப்பாதீர்கள், “என்ன ஆச்சு?” என்று திரும்பி வந்ததும் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். பாடத்தையும் பட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அவன்தான் காரணம் என்று ஆகிவிடும். முதல் நாளே, “தண்ணி குடிக்கணும்னா கேக்காமப் போயிட்டு வரலாம்” என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்லி வைத்துவிட்டால், யார் எதற்குப் போகிறார் என்பது யாருக்கும் தெரியாது. நான் அப்படித்தான் செய்கிறேன். கோடையில் பாதி வகுப்பு தண்ணீர்ப் பானையிடம்தான் இருக்கும், அது வேறு கதை.

“ஆசிரியரே வெளியில அந்த மாதிரி பேசுறவரா இருந்தா?”

அவர் எந்த நாவலையும் நடத்தலாம், பிள்ளைகள் எதையும் கற்க மாட்டார்கள். ஆசிரியர் ஓய்வறையில் நடக்கும் பேச்சு கதவிடுக்கு வழியே வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறது. அப்படி ஒருவர் ‘தீண்டாமை’ பாடம் எடுத்த நாளில் பிள்ளைகள் அவரைப் பார்த்த பார்வையைச் சன்னல் வழியே நான் பார்த்திருக்கிறேன். அவர் பார்க்கவில்லை, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். இதற்கு என்னிடம் வழி எதுவும் இல்லை. மேலே ஒரு வரியில் சொன்ன விடையில் ‘தெரிந்துகொள்ளும்வரை தொட வேண்டாம்’ என்றேனே, அது முக்கியமாக இவருக்குத்தான். ஆனால் தனக்குத் தெரியாது என்பது இவருக்குத் தெரியாது.

“அந்தப் பத்தியை வாசிச்ச பையன் இப்ப என்ன பண்றான் சார்?”

இதைப் படிக்கக் கொடுத்த எல்லோரும் கேட்டார்கள், நல்ல மனதோடுதான். என்ன படித்தான், எங்கே இருக்கிறான் என்று சொன்னால், நம் பக்கத்தில் அடுத்த கேள்வி “யார் மகன்?” என்று வரும். அதற்கு அடுத்தது என்ன என்பது உங்களுக்கே தெரியும். அதனால் சொல்வதில்லை.